மூளையின் உலோகங்களும் ஆன்மாவின் கருவிகளும்

மனித மூளையில் இரும்பும் செம்பும் துத்தநாகமும் இம்மியளவே இருக்கின்றன. இம்மியளவே ஆனாலும் அவை இல்லாமல் நினைவு இல்லை. அல்சைமர் நோயில் இந்த மூன்றும் இடம் மாறிப்போகின்றன. ஓரிடத்தில் குவிகின்றன, வேறோரிடத்தில் வற்றுகின்றன. பெயரும் முகமும், வீடு திரும்பும் வழியும், பெற்ற பிள்ளையும் ஒருவரை விட்டுக் கழன்றுபோவதில் இந்த இடமாற்றத்துக்கும் பங்கு உண்டு என்று கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் 'நான்' என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்வது உலோகங்களும் பிறவும் சேர்ந்த சேர்க்கையின் விளைவுதானா? அல்லது அந்தச் சேர்க்கையைக் கருவியாகக் கொண்டு அறிகின்ற வேறொன்றா? நோய் புதிதாக ஆராயப்படுவது. கேள்வி தமிழ் மெய்யியலில் மிகப் பழையது.

இக்கேள்வியின் எல்லாத் தரப்புகளும் எட்டும் தொலைவில் கிடைக்கும் ஊர் புதுச்சேரி. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதை நிறுவிய ழான் ஃபிலியோசா கண் மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் இந்தியவியல் அறிஞரானவர். இந்திய மருத்துவத்தின் அடிப்படைக் கோட்பாடு குறித்து 1949இல் நூல் எழுதியவர். உடம்பை அறிந்த அந்த மருத்துவரின் முயற்சியில் திரட்டப்பட்ட சைவ ஆகமச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. கடற்கரையை ஒட்டி அரவிந்தர் ஆசிரமம். கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகளின் சமாதியும், அதன் அருகே பாரதி உலவிய குயில் தோப்பும். மேற்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவெண்ணெய்நல்லூர்; 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் அருளிய ஊர்.

முதலில் நோய். 1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலோயிஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்தே டீட்டர் என்பவர் அவர். மூளையில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தன: நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த கட்டிகள், நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். கட்டிகள் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கால் ஆனவை என்பதும், இழைகள் டாவ் என்ற புரதத்தால் ஆனவை என்பதும் 1980களில் தெளிவாயின. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணித்தது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் வகை அல்சைமர்.

உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலைப் பிறப்பிக்கும் நொதிக்கு இரும்பும் வேண்டும், செம்பும் வேண்டும். டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். துத்தநாகத்தின் வேலை இன்னும் நுட்பமானது. புதிய நினைவுகள் பதியும் இடமான ஹிப்போகேம்பஸில், நரம்பு முனைகளிலுள்ள சிறு பைகளில் துத்தநாகம் சேமிக்கப்பட்டு, ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பும்போது வெளியே விடப்படுகிறது. வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. துத்தநாகத்தை அந்தப் பைகளில் ஏற்றும் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் வயது ஏற ஏற நினைவு குன்றின.

இதே உலோகங்கள் கட்டுமீறினால் அழிக்கவும் வல்லவை. கட்டற்ற இரும்பும் செம்பும் ஆக்சிஜன் சேர்மங்களோடு வினைபுரிந்து, உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அதனால்தான் உடல் எந்த உலோகத்தையும் தனியே திரிய விடுவதில்லை. இரும்பைச் சுமந்து செல்ல ஒரு புரதம், சேமித்து வைக்க ஒரு புரதம், உயிரணுவை விட்டு வெளியேற்ற ஒரு புரதம் என்று ஒவ்வோர் உலோகத்துக்கும் காவல் உண்டு.

அல்சைமரில் இந்தக் காவல் தளர்கிறது. துத்தநாகம் பட்டவுடன் அமிலாய்டு பீட்டா விரைந்து திரள்கிறது என்பதை ஆஷ்லி புஷ், ருடால்ஃப் டான்சி முதலியோர் 1994இல் காட்டினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மார்க் லவல் குழுவினர் இறந்தவர்களின் மூளையிலுள்ள கட்டிகளை நேரடியாக அளந்தனர். நோயற்ற மூளைத் திசுவைக் காட்டிலும் கட்டிகளில் துத்தநாகமும் இரும்பும் ஏறத்தாழ மூன்று மடங்கும், செம்பு ஐந்து மடங்குக்கு மேலும் இருந்தன. இதைப் படித்தவுடன் 'மூளையில் உலோகம் மிகுந்துவிட்டது' என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. கட்டிகளில் செம்பு குவிந்திருக்கும் அதே மூளையில், நோய் தாக்கிய பகுதிகளின் மொத்தச் செம்பு குறைந்திருக்கிறது. கட்டி உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேலை செய்ய வேண்டிய உயிரணுவுக்கு அது கிடைப்பதில்லை. மிகுதியும் குறைவும் ஒரே மூளையில், ஒரே நேரத்தில்.

செம்பைப் பொறுத்த இரண்டு பிறவிக் கோளாறுகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த நோயில் செம்பு வெளியேற வழியின்றி ஈரலிலும் மூளையிலும் தேங்குகிறது. பேச்சும் நடையும் மனமும் குலைகின்றன. மென்கிஸ் நோயில் செம்பு உடலுக்குள் சேராமல் குழந்தையின் மூளை வளர்ச்சியே நின்றுபோகிறது. ஒன்றில் செம்பை வெளியேற்றும் மருந்து உயிர் காக்கும். மற்றதில் அதே மருந்து கேடு விளைவிக்கும்.

அல்சைமரில் உலோகத்தை அகற்றிப் பார்க்கும் முயற்சிகள் பல நடந்தன. உலோகத்தைப் பற்றி இடம் மாற்றும் கிளியோகுயினால் என்ற பழைய மருந்து 2003இல் வெளியான சிறு ஆய்வில் ஓரளவு நம்பிக்கை தந்தது. அதன் வழிவந்த பிபிடி2 என்ற மருந்து 2008இல் 78 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது சில மனத்திறன் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. 2014இல் முடிந்த அடுத்த சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எல்லாவற்றிலும் பாடம் நிறைந்தது 2024இல் வெளியான சோதனை. இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோன் மருந்து 81 பேர் பங்கேற்ற ஆய்வில் ஓராண்டுக் காலம் சோதிக்கப்பட்டது. மருந்து தன் வேலையைச் செய்தது. ஹிப்போகேம்பஸில் இரும்பு குறைந்தது. ஆனால் நோயாளிகளின் அறிவுத்திறன், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட விரைவாகச் சரிந்தது. 2025 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. இறந்தவர்களின் மூளையில் 27 உலோகங்களை அளந்ததில், நினைவு மங்கத் தொடங்கிய நிலையிலேயே குறைந்திருந்தது லித்தியம் ஒன்றுதான். அமிலாய்டு கட்டிகள் அதையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன. எலிகளிடம் லித்தியத்தை ஈடுசெய்தது பலன் தந்தது. மனிதர்களிடம் அது இன்னும் மருந்தாக நிறுவப்படவில்லை.

அலுமினியத்தைப் பற்றிய அச்சமும் இங்கே நினைக்கத்தக்கது. 1965இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பிழை முறுக்குகள் உண்டாயின. அவை அல்சைமர் முறுக்குகள் அல்ல, வேறு வகை என்று பின்னர் தெரிந்தது. இருந்தும் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் மறதி நோய் வரும் என்ற பேச்சு வீடுகளில் இன்றும் தொடர்கிறது. அதற்குச் சான்று கிடைக்கவில்லை. வெளியிலிருந்து புகுந்த ஒரு நஞ்சே நினைவைக் கெடுத்தது என்று நம்ப மனம் விரும்புகிறது. ஆய்வுகள் காட்டுவது அதுவன்று. நினைவை ஆக்கிய பொருளே, இடம் தவறியபோது அதைக் குலைக்கவும் துணைபோகிறது. இந்தக் குலைவு நோயின் வேரா, நோய் தொடங்கியபின் அதை வளர்ப்பதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மெய்யியல் கேள்விக்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பொருளே அறிவு என்ற தரப்பு மணிமேகலையிலேயே பேசுகிறது. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாணர்களைக் கேட்டுவரும் காதையில் பூதவாதி ஒருவன் வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டிவைத்தால் முன்பு எதிலும் இல்லாத போதை பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும், பிரியும்போது அழியும் என்பது அவன் வாதம். இதன் வலிமையைக் குறைத்து மதிக்கக் கூடாது. இரும்பும் செம்பும் துத்தநாகமும் தத்தம் இடத்தில் கூடியிருக்கும்போது நினைவு இருக்கிறது. கலைந்தால் நினைவு கலைகிறது. அல்சைமர் நோயாளி ஒருவரைப் பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்தவர் எவருக்கும் பூதவாதி சொல்வதே சரியோ என்ற ஐயம் ஒரு நாளாவது எழும்.

மெய்கண்டாரின் மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் எதிர்கொள்வதே இந்த உலகாயதத்தைத்தான். மறுப்பின் அடிப்படை மெய்கண்டாரின் மூன்றாம் நூற்பாவில் இருக்கிறது. உடம்பை அவர் மாயையாலான இயந்திரம் என்றே சொல்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சைவ ஆசிரியர் உடம்பை இயந்திரம் என்று சொன்னதில் இழிவு எதுவும் இல்லை. இயந்திரம் என்றால் அதைக் கொண்டு செயல்படும் ஒன்று உண்டு என்பதுதான் அங்கே கருத்து. 'என் உடல்' என்று சொல்வது ஒன்று. ஐந்து பொறிகளும் ஒன்றை ஒன்று அறியாதிருக்க ஐந்தையும் அறிவது ஒன்று. கனவு ஒடுங்கியதை விழித்தபின் அறிவது ஒன்று. அறிவித்தால் மட்டுமே அறிவது ஒன்று. ஆகவே உடலும் அல்ல, பொறியும் அல்ல, மூச்சும் அல்ல, தானே அறியும் இறைவனும் அல்லாத ஓர் உயிர் உண்டு என்று அவர் நிறுவுகிறார்.

இந்தச் சான்றுகளில் சில நினைவையே நம்பியிருக்கின்றன. கனவு முடிந்ததை அறிய, கண்ட கனவை நினைக்க வேண்டும். நினைவே போன ஒருவரிடம் இந்தச் சான்று நிற்குமா என்று கேட்பது நியாயம். விடை நான்காம் நூற்பாவில் கிடைக்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களில் எதுவும் உயிர் அல்ல; ஆனால் அவற்றோடு கூடினால் அன்றி உயிர் எதையும் அறியாது. ஆணவ மலத்தால் மறைக்கப்பட்ட உயிர் தன்னளவில் இருளில் கிடப்பது. கருவிகள் கூடும் அளவுக்கு அறிவு விளங்கும். கழலும் அளவுக்கு மங்கும். சைவ சித்தாந்தம் இதை எண்ணிக்கையோடு சொல்கிறது. விழிப்பில் முப்பத்தைந்து கருவிகள் இயங்குகின்றன, கனவில் இருபத்தைந்து, உறக்கத்தில் மூன்று, அதற்கடுத்த நிலையில் இரண்டு, கடைசியில் ஒன்று. கருவி குறைந்ததால் உயிர் குறைந்ததாக அங்கே கணக்கில்லை.

இதற்கும் மேற்கத்திய மெய்யியலின் ஒரு புகழ்பெற்ற நிலைப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஜான் லாக் 1694இல் எழுதிய அதிகாரம் ஒன்றில், ஒருவரை ஒரே ஆளாக ஆக்குவது தொடர்ந்துவரும் தன்னுணர்வே என்றும், கடந்ததை எந்த அளவுக்கு அது எட்டுமோ அந்த அளவுக்கே 'அதே ஆள்' என்பதும் எட்டும் என்றும் வாதிட்டார். இதை அப்படியே அல்சைமருக்குப் பொருத்தினால், பிள்ளையை மறந்த தாய் அந்தத் தாயே அல்ல என்று சொல்ல நேரும். சித்தாந்தம் நினைவைக் கருவியின் பக்கம் வைக்கிறது. ஆளின் பக்கம் வைப்பதில்லை. சித்தம் கழன்றது, உயிர் கழலவில்லை. தாய் தாயே.

மருத்துவப் பதிவுகளும் ஒருவகையில் இதற்கு இடம் தருகின்றன. அவுகுஸ்தே டீட்டர், தம்மையே இழந்துவிட்டதாக அல்சைமரிடம் சொன்னதாகப் பதிவு உண்டு. இழந்ததை அறிந்து சொன்னது யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2014இல் அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஆய்வொன்றில் 17 அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரக் காட்சிகளும் மகிழ்ச்சிக் காட்சிகளும் திரையில் காட்டப்பட்டன. சற்று நேரத்தில் காட்சி மறந்துபோயிற்று. துயரமும் மகிழ்ச்சியும் மறையாமல் நீடித்தன. நீண்ட நாள் பழகிய இசையின் நினைவைத் தாங்கும் மூளைப் பகுதிகள் பிற பகுதிகளைவிடக் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இவை உயிர் உண்டு என்பதற்கான நிறுவல் ஆகா. பூதவாதி இவற்றையும் எஞ்சிய மூளையின் வேலை என்று விளக்கிவிடுவான். ஆனால் 'உள்ளே யாரும் இல்லை' என்று கைகழுவுவதற்கு இவை இடம் தரவில்லை.

சித்தாந்தம் உலோகத்தைப் பற்றிச் சொல்லும் ஒன்று இங்கே நேராகப் பொருந்துகிறது. உயிரை ஆணவம் பற்றியிருப்பதற்கு மெய்கண்டார் தரும் உவமைகளுள் ஒன்று செம்பில் களிம்பு. செம்பு என்று தோன்றியதோ அன்றே களிம்பும் உண்டு. இடையில் வந்து ஒட்டியதன்று. இந்த உவமையை மட்டும் பிடித்துக்கொண்டு, உடம்பையும் பொருளையும் களிம்பாக எண்ணுகிறவர்கள் உண்டு. சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. களிம்பு ஆணவம். உடம்பும் கருவிகளும் உலகமும் வந்தவை மாயையிலிருந்து. மாயை இருளின் பக்கத்தில் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் மாயையைப் பொழுது விடியும்வரை ஏற்றிவைத்த விளக்காகக் காட்டுகிறார். விளக்கின் ஒளி சிறிது. ஆயினும் அது ஒளி. அந்த நோக்கில் மூளையின் இரும்பும் செம்பும் துத்தநாகமும் விளக்கின் பாகங்கள். துடைத்து எறிய வேண்டிய அழுக்கு அல்ல. 2024ஆம் ஆண்டுச் சோதனையில் இரும்பை எடுத்தபோது அறிவு மேலும் மங்கியது இந்தப் பார்வைக்கு முரணாக இல்லை.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சிவஞானபோதத்தில் நரம்பணு வேதியியல் இல்லை. மெய்கண்டார் கருவி என்றது அமிலாய்டையோ துத்தநாகப் பைகளையோ அல்ல. பழைய நூலில் புதிய ஆய்வைக் கண்டுபிடித்துப் பெருமைப்படுவது அந்த நூலுக்கும் மரியாதை அல்ல, ஆய்வுக்கும் மரியாதை அல்ல. நூல் தருவது ஒரு மெய்யியல் வேறுபாடு: ஒன்று இல்லாமல் மற்றொன்று விளங்காது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அந்த வேறுபாடு நரம்பியலால் பொய்யாகவில்லை. அதே எச்சரிக்கை மருந்துக்கும் பொருந்தும். சித்த மருத்துவத்தில் செம்பிலிருந்தும் இரும்பிலிருந்தும் துத்தநாகத்திலிருந்தும் செய்யும் பற்பங்களும் செந்தூரங்களும் உண்டு. மூளையில் உலோகம் இடம் மாறியிருக்கிறது என்ற செய்தியைக் கேட்டு, அவற்றைத் தாமாக வாங்கி உண்பது ஆபத்து. மூளையைச் சூழ்ந்த குருதித் தடுப்பும், உள்ளிருக்கும் காவல் புரதங்களும், உண்ட உலோகத்தை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை.

சித்தாந்தம் தடுமாறும் இடமும் உண்டு. நோய் நினைவை மட்டும் எடுப்பதில்லை, குணத்தையும் மாற்றுகிறது. வாழ்நாள் முழுதும் சாந்தமாக இருந்தவர் மகளைத் திருடி என்று ஏசுகிறார். சோறு போட்ட கையை அடிக்கிறார். மனம், மொழி, மெய் மூன்றாலும் செய்வது வினை என்றால், இந்த ஏச்சும் அடியும் யாருடைய வினை? நல்லது தீது நிச்சயிப்பது புத்தி. அந்தக் கருவியே பழுதானபின் செய்ததை உயிரின் கணக்கில் ஏற்றுவது பொருந்தாது என்பதே நூலின் போக்கில் நின்று சொல்லத்தக்க விடை. நடைமுறையில் இதற்கு நேர்மாறான பேச்சே அதிகம் கேட்கிறது. 'முன்வினை அனுபவிக்கிறார்' என்ற ஒற்றை வரி நோயாளியின் மேல் குற்றத்தைச் சுமத்துகிறது. பார்த்துக்கொள்கிறவரின் கையையும் கட்டிப்போடுகிறது. வினைக் கொள்கையை இப்படிப் பயன்படுத்துவது கொடுமை. அதற்கு மெய்கண்டாரிடம் ஆதாரம் கிடையாது.

மறதியைச் சித்தர்கள் வேறொரு கண்ணோடு பார்த்தார்கள். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, 'பாரதி அறுபத்தாறு' நூலில் குள்ளச்சாமி என்ற சித்தரை முதுகில் அழுக்கு மூட்டையோடு கண்டதைச் சொல்கிறார். ஏன் இந்தக் கோலம் என்று கேட்டதற்கு, தாம் புறத்தே சுமக்கும் குப்பையைப் பாரதி அகத்தே சுமப்பதாக அவர் விடை தந்தார். கடந்ததை நினைத்து மாளாதே என்பதே அந்த உபதேசமாகப் பாரதிக்குப் பட்டது. நினைவைச் சுமையாகக் கண்டு இறக்கிவைக்கச் சொன்ன மரபு, நினைவு அழிவதை நோயாகக் காண்பது முரண் போலத் தோன்றலாம். சித்தர் இறக்கிவைக்கச் சொன்னது பற்றை. இறக்கிவைப்பவர் யார் என்பதும், எதை இறக்கினோம் என்பதும் அங்கே தெரிந்தே நடக்கிறது. அல்சைமரில் எதை வைப்பது, எதை விடுவது என்ற தெரிவே பறிபோகிறது. பெயர் போனபின்னும் அச்சம் போவதில்லை, முகம் மறந்தபின்னும் ஏக்கம் மறப்பதில்லை. 'எல்லாவற்றையும் மறந்து ஞானி போல் இருக்கிறார்' என்று ஆறுதலுக்குச் சொல்வது உண்டு. அன்பில் பிறந்த சொல்தான் என்றாலும் அது உண்மையல்ல. நோயாளியின் துன்பத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர் கேள்வியையே வேறு திசைக்குத் திருப்பினார். 1914 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய 'ஆர்யா' இதழில் தொடராக வந்த 'தி லைஃப் டிவைன்' நூலின் தொடக்க அதிகாரங்களில் அவர் இரண்டு மறுப்புகளை மறுக்கிறார். பொருளைத் தவிர வேறில்லை என்பவரின் மறுப்பு ஒன்று. பொருள் பொய் என்று உதறும் துறவியின் மறுப்பு மற்றொன்று. அவர் நோக்கில் பொருளுக்குள் உயிரும், உயிருக்குள் மனமும் முன்பே பொதிந்திருக்கின்றன; பரிணாமம் என்பது உள்ளே இருப்பது வெளிவருவது. அப்படிப் பார்த்தால் மூளையின் உலோகம் உணர்வுக்கு அந்நியமான பொருள் அல்ல. உணர்வின் உறங்கும் வடிவமே அது. அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசா தம் இறுதி ஆண்டுகளில் உடலின் உயிரணுக்களுக்கே ஒரு மனம் உண்டு என்று பேசிவந்ததும் இந்த வழியில்தான்.

பொருளை இழிவுபடுத்தாத இந்தப் பார்வை பெருமைக்குரியது. ஆனால் நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது இது சித்தாந்தம் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. அரவிந்தர் முதன்மையாகப் பேசுவது மேல்நோக்கிய மலர்ச்சியை. அல்சைமரோ மலர்ந்தது கூம்புவது. பிறவிதோறும் தொடரும் சைத்திய புருஷன் உள்ளே நிலைத்திருக்கிறான் என்று அவரும் சொல்கிறார். எனினும் கருவி ஒவ்வொன்றாகக் கழலும் இறங்குமுகத்தைச் சித்தாந்தம்போல் படிப்படியாக எண்ணி, ஒவ்வொரு படியிலும் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று காட்டியவர் அரியர். நினைவிழந்தவரைப் பேணுகிறவருக்குத் தேவைப்படும் மெய்யியல் அது.

உயிர் இருக்கிறது, கருவி பழுதாகிறது என்று ஏற்றால் நடைமுறைக் கேள்வி ஒன்று உடனே எழுகிறது: தெளிவோடு இருந்த நாளில் ஒருவர் சொன்ன விருப்பத்தைக் கேட்பதா, நோய் முற்றிய நாளில் அவர் காட்டும் விருப்பத்தைக் கேட்பதா? அமெரிக்கச் சட்ட மெய்யியலாளர் ரொனால்டு டுவார்க்கின் 1993இல் எழுதிய 'லைஃப்ஸ் டொமினியன்' நூலில் முன்னதே மேலானது என்றார். முழு வாழ்வையும் பார்த்து முடிவெடுக்கும் திறன் அப்போதுதான் இருந்தது என்பது அவர் காரணம். சித்தாந்த நோக்கில் இரண்டு ஆட்கள் இல்லை. கருவி நிறைந்திருந்தபோது சொன்னதும், குறைந்தபின் முகம் சுளிப்பதும் ஒரே உயிரின் குரல். ஆகவே பெரிய முடிவுகளுக்கு முன்சொல்லும், அன்றாட உணவு, உடை, தொடுகை, துணை ஆகியவற்றுக்கு இன்றைய முகக்குறிப்பும் வழிகாட்ட வேண்டும் என்பதே பொருத்தமான தீர்ப்பு.

இந்தியச் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நினைவில் ஏற்படும் கடும் கோளாறையும் தன் வரையறைக்குள் சேர்த்துக்கொள்கிறது. பின்னாளில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அது உரிமை தருகிறது. வாழ்வின் இறுதிக்கட்டச் சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. பெற்றோரின் நினைவு மங்கத் தொடங்குவதாக ஐயம் எழும் வீடுகளில், மருத்துவரைப் பார்த்த கையோடு இந்த ஆவணத்தையும் எழுதிவிட வேண்டும். அவர்கள் வாயால் சொல்ல முடிகிற நாளிலேயே கேட்டு எழுதுங்கள்.